மைக்ரோஸ்கோப்பிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு: கவுன்சிலர் விர்ச்சோவின் கதை

பிளஸ் ஒன் உயிரியல் படித்தவர்களுக்கு ஒரு இரண்டு மார்க் கேள்வி ஞாபகம் இருக்கும். செல் கொள்கையில் ருடால்ஃப் விர்ச்சோவின் பங்கு என்ன? பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். "ஏற்கனவே இருக்கும் செல்லிலிருந்துதான் புதிய செல் தோன்றுகிறது என்று சொன்னார்." அவ்வளவுதான். இரண்டு மார்க் விழுந்துவிடும், அந்த மனிதரை அதோடு மறந்துவிடுவோம். நானும் மறந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு செமினாருக்காக காலரா பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பெயர் மறுபடி வந்தது. அதுவும் எங்கே? பெர்லின் நகர மன்ற உறுப்பினர் என்று! வேறு யாரோ ஒரு விர்ச்சோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அதே ஆள்தான். தேர்தலில் நின்று, ஜெயித்து, 1859 முதல் 1902-ல் சாகும்வரை 43 வருடம் தொடர்ந்து கவுன்சிலராக இருந்திருக்கிறார். காலையில் பிணப் பரிசோதனை, மாலையில் சாக்கடை வரி பற்றிய விவாதம்!

(ஜெர்மன்காரர்கள் அவர் பெயரை 'ஃபிர்ஹோ' என்பது மாதிரி உச்சரிக்கிறார்கள். நாம் படித்தபடி விர்ச்சோ என்றே வைத்துக்கொள்கிறேன்.)

உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானிக்கு கவுன்சிலர் வேலை எதற்கு? எனக்கு வந்த முதல் கேள்வி இதுதான். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கொள்ளைநோயும் ஒரு அறிக்கையும்

விர்ச்சோ 1821-ல் பிரஷ்யாவின் பொமரேனியா பகுதியில் ஷிவெல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தவர். (அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.) வசதியான குடும்பம் இல்லை. அதனால் ராணுவ மருத்துவர்களை உருவாக்கும் பெர்லின் கல்லூரியில் சேர்ந்து படித்து 1843-ல் டாக்டர் ஆனார். ஷாரிட்டே என்ற பெரிய அரசு மருத்துவமனையில் பிணங்களை அறுத்துப் பார்த்து நோயின் காரணம் தேடுவதுதான் வேலை. 24 வயதிலேயே, 1845-ல், ரத்தப் புற்றுநோயை விவரித்து எழுதினார். 'லுக்கேமியா' என்ற பெயர் அவர் வைத்ததுதான்.

1847-ன் கடைசியில் பிரஷ்யாவின் தென்கிழக்கு மூலையில் இருந்த மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் போலிஷ் மொழி பேசும் ஏழை விவசாயிகள், நெசவாளர்கள். உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, முதலில் பஞ்சம், பிறகு காய்ச்சல். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. 1848 பிப்ரவரியில் விர்ச்சோவை அங்கே அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 26 வயது.

அரசாங்கம் எதிர்பார்த்தது ஒரு மருத்துவ அறிக்கை. என்ன காய்ச்சல், என்ன மருந்து, எத்தனை படுக்கை வேண்டும், இப்படி. விர்ச்சோ மூன்று வாரம் போல குடிசை குடிசையாகச் சுற்றிவிட்டு வந்து எழுதிக் கொடுத்தது வேறு. ஒரே அறையில் பத்துப் பேர் ஆடுமாடுகளோடு படுத்திருக்கிறார்கள், சாப்பிட உருளைக்கிழங்கைத் தவிர வேறில்லை, அதுவும் இல்லாமல் போய்விட்டது, தாய்மொழியில் பள்ளி இல்லை, ரோடு இல்லை, நிலச்சுவான்தார்கள் வெளியூரில் உட்கார்ந்து பணம் வாங்குகிறார்கள். இதை எல்லாம் எழுதிவிட்டு மருந்துச் சீட்டில் அவர் எழுதிய மருந்துகள்: முழு ஜனநாயகம், கல்வி, சுதந்திரம், வாழ்க்கை வசதி! போலிஷ் மொழியில் கல்வி கொடுங்கள், வரிச்சுமையை ஏழையிடமிருந்து பணக்காரனிடம் மாற்றுங்கள், ரோடு போடுங்கள், அந்த மக்களே தங்களை ஆண்டுகொள்ளட்டும் என்றார்.

ராஜாவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு ராஜாவுக்கே இப்படி எழுதினால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள். அவர் பெர்லின் திரும்பிய சில நாட்களில், 1848 மார்ச்சில், அங்கேயே புரட்சி வெடித்தது. விர்ச்சோவும் தெருவில் இறங்கித் தடுப்பரண் கட்டினார். 'மருத்துவச் சீர்திருத்தம்' என்று ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். மருத்துவம் ஒரு சமூக அறிவியல், அரசியல் என்பது பெரிய அளவில் செய்யப்படும் மருத்துவம், இதுதான் அந்த நாட்களில் அவர் சொல்லிக்கொண்டிருந்த கருத்து.

புரட்சி தோற்றது. 1849-ல் அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு நிபந்தனையோடு திரும்ப எடுத்தாலும் பெர்லினில் நிம்மதி இல்லை. பத்திரிகை நின்றது. விர்ச்சோ தெற்கே பவேரியாவில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். சைலீசியா அறிக்கை? அதில் சொன்ன மருந்துகளை அரசாங்கம் கொடுக்கவே இல்லை.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உண்மையை நேரில் பார்த்து, துணிச்சலாக எழுதி, மேலிடத்திலும் கொடுத்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் அறிக்கை எழுதுகிறவருக்கு ஓட்டு இல்லை. பட்ஜெட்டில் கை வைக்க முடியாது.

நாறிய தலைநகரம்

வூர்ட்ஸ்பர்க்கில் இருந்த ஏழு வருடத்தில்தான் நாம் படிக்கும் அந்த இரண்டு மார்க் விஷயம் உருவானது. 1855-ல் செல் பற்றிய அந்தப் புகழ் பெற்ற வாக்கியத்தை எழுதினார். அவருடைய 'செல் நோயியல்' புத்தகம் 1858-ல் வந்தது. (இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. செல் பிரிந்துதான் செல் உண்டாகிறது என்பதை ராபர்ட் ரெமாக் என்பவர் அதற்கு முன்பே காட்டியிருந்தார். விர்ச்சோ அவருக்கு உரிய பங்கைக் கொடுக்கவில்லை என்ற குறை இன்றுவரை இருக்கிறது.) புகழ் பெருகியதும் பெர்லின் மறுபடி கூப்பிட்டது. 1856-ல் புதிதாக ஒரு நோயியல் நிலையமே அமைத்துக் கொடுத்தார்கள்.

அவர் திரும்பி வந்த பெர்லின் எப்படி இருந்தது? ரயில் எஞ்சின் தொழிற்சாலைகள் வந்து, கிராமத்து ஜனங்கள் சாரி சாரியாக வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். 1861-ல் சுமார் ஐந்தரை லட்சம் பேர். 1871-ல் எட்டு லட்சத்தைத் தாண்டியது. ஐந்து மாடி அடுக்கு வீடுகள், உள்ளே இருட்டு முற்றங்கள், அதற்கும் கீழே நிலவறைகளில் குடும்பங்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. சமையல் தண்ணீர், குளித்த தண்ணீர், மூத்திரம் எல்லாம் அதில். பெர்லின் சமதரை, அதனால் ஓடாது, தேங்கி நிற்கும். கக்கூஸ் முற்றத்தில் இருக்கும் எடுப்புக் கக்கூஸ் அல்லது மலக்குழி. ராத்திரியில் வண்டியில் அள்ளிப் போவார்கள். நிறைய ஸ்ப்ரீ ஆற்றில் போய்ச் சேரும். சோஷலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பெபெல் பின்னாளில் நினைவுகூரும்போது, பெர்லின் காட்டுமிராண்டி நிலையிலிருந்து நாகரிகத்துக்கு வந்ததே 1870-க்குப் பிறகுதான் என்று எழுதினார்.

இதில் ஒரு விநோதம். 1856-ல் ஒரு ஆங்கிலேயக் கம்பெனி குழாய்த் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல விஷயம்தானே? ஆனால் தண்ணீர் உள்ளே வந்தால் வெளியே போகவும் வேண்டும் அல்லவா! வசதியானவர்கள் ஃப்ளஷ் கக்கூஸ் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரும் அதே திறந்த சாக்கடைக்கும் மலக்குழிக்கும் வந்தது. முன்பைவிட நாற்றம் அதிகமானது.

1831 முதல் காலரா சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து போய்க்கொண்டிருந்தது. டைஃபாய்டு எப்போதும் இருந்தது.

ஓட்டு யாருக்கு, செலவு யாருக்கு?

1859-ல் விர்ச்சோ நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கே அந்தத் தேர்தல் எப்படிப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் பட்ட பாடு புரியாது.

பிரஷ்யாவில் அப்போது 'மூன்று வகுப்பு' ஓட்டுமுறை. மொத்த வரியை மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். முதல் பங்கைக் கட்டும் சில பெரும் பணக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாவது பங்கைக் கட்டும் நடுத்தரப் பணக்காரர்கள் இன்னொரு பங்கை. மிச்சம் இருக்கும் பெரும் கூட்டத்துக்கு கடைசிப் பங்கு. ரகசிய ஓட்டு கிடையாது, வாயால் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டு இல்லை. ரொம்ப ஏழை ஆண்களுக்கும் இல்லை. இது போதாது என்று 1853-ம் வருட நகராட்சிச் சட்டத்தில் இன்னொரு விதி: உறுப்பினர்களில் பாதிப் பேர் கட்டாயம் சொந்த வீடு உள்ளவர்களாக இருக்க வேண்டும்!

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதாளச் சாக்கடை வந்தால் முதலில் பிழைக்கப்போவது நிலவறையில் குடியிருக்கும் வாடகைக்காரர். அவருக்கு ஓட்டு இல்லை, இருந்தாலும் அதற்குக் கனம் இல்லை. அதற்குப் பணம் கட்டப்போவது வீட்டுக்காரர். அவர் மன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

முழு ஜனநாயகம்தான் மருந்து என்று 26 வயதில் எழுதியவர், 38 வயதில் இப்படி ஒரு மன்றத்துக்குள் போய் உட்கார்ந்தார். சமரசம் என்று திட்டலாம். ஆனால் சைலீசியா அறிக்கைக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். வெளியே நின்று எழுதிப் பார்த்தாயிற்று, இனி உள்ளே போய்ப் பார்ப்போம் என்று நினைத்திருப்பாரோ? இது என் ஊகம்தான்.

அவர் மன்றத்தோடு நிற்கவில்லை. 1861-ல் முற்போக்குக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரஷ்யச் சட்டமன்றத்திலும் பல வருடம் இருந்தார், 1880 முதல் 1893 வரை ஜெர்மன் நாடாளுமன்றத்திலும். ராணுவச் செலவு விஷயத்தில் பிஸ்மார்க்கோடு மோதி, 1865-ல் பிஸ்மார்க் அவரை துப்பாக்கிச் சண்டைக்கே அழைத்துவிட்டார். விர்ச்சோ மறுத்துவிட்டார். (புழு உள்ள சாசேஜ் ஒன்று, புழு இல்லாத சாசேஜ் ஒன்று, இரண்டில் ஒன்றைச் சாப்பிடுவதுதான் சண்டை என்று விர்ச்சோ சொன்னதாக ஒரு கதை ரொம்பப் பிரபலம். சுவையான கதை, ஆனால் கட்டுக்கதை. ஃபார்வர்டு பண்ணாதீர்கள் :-))

குழாயா, வண்டியா?

சாக்கடைப் பிரச்சினைக்கு வருவோம். 1860-ல் வீபே என்ற மூத்த கட்டட அதிகாரியை ஹாம்பர்க், பாரிஸ், லண்டன் எல்லாம் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள். கூடவே ஜேம்ஸ் ஹோப்ரெஹ்ட் என்ற இளம் எஞ்சினியர் போனார். 1861-ல் வீபே கொடுத்த திட்டம்: எல்லாக் கழிவையும் குழாயில் சேர்த்து, ஊருக்குக் கீழே, சார்லட்டன்பர்க் பக்கம் ஆற்றில் விட்டுவிடுவது. லண்டன் பாணி.

எதிர்ப்பு நாலாபக்கமும் கிளம்பியது. வீட்டுக்காரர்கள் செலவைச் சொன்னார்கள். கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் உங்கள் கழிவை நாங்கள் குடிக்கவா என்றார்கள். மூன்றாவது எதிர்ப்பு விஞ்ஞானிகளிடமிருந்து. மலம் நல்ல உரம், நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே கொடுக்காமல் ஆற்றில் கொட்டினால் மண் மலடாகும் என்பது வேதியியல் மேதை லீபிக்கின் வாதம். அதனால் குழாய் வேண்டாம், தொட்டியில் சேர்த்து வண்டியில் வயலுக்குக் கொண்டுபோவோம் என்று ஒரு பெரிய கோஷ்டி. இது முட்டாள்தனமான வாதம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வருடங்கள் ஓடின. 1866-ல் ஆஸ்திரியாவோடு போர். அந்த வருடமே பெர்லினில் பயங்கரமான காலரா, ஆயிரக்கணக்கான சாவுகள். அதற்குப் பிறகுதான், 1867-ல், நகராட்சி ஒரு குழு போட்டது. அதன் அறிக்கைகளை எழுதும் பொறுப்பு கவுன்சிலர் விர்ச்சோவிடம் வந்தது.

இங்கேதான் விஞ்ஞானி விர்ச்சோவைப் பார்க்கிறோம். குழாய்தான் சரி என்று முடிவு கட்டிவிட்டு அவர் ஆரம்பிக்கவில்லை. குழாயா வண்டியா என்பதையே ஆராய வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டார். நிலத்தடி நீர் எந்த மாதத்தில் எவ்வளவு ஏறுகிறது இறங்குகிறது என்று அளந்தார்கள். எந்தப் பகுதியில் எத்தனை சாவு என்று கணக்கெடுத்தார்கள். கழிவுநீரை வேதிப்பொருள் போட்டுச் சுத்தம் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். ஊருக்குத் தெற்கே ஒரு சின்ன வயலில் கழிவுநீரைப் பாய்ச்சி, பயிர் வருகிறதா, கீழே இறங்கும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறது என்று சோதித்தார்கள். இப்படி ஐந்து வருடம் போனது.

ஐந்து வருடமா, அதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று கோபம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் பாதி வீட்டுக்காரர்கள் உட்கார்ந்த ஒரு மன்றத்தில் "நான் பெரிய புரொஃபசர், சொல்கிறேன் கேளுங்கள்" என்று சொல்லிக் காசு வாங்க முடியாது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு எண் வேண்டியிருந்தது.

பன்னிரண்டு துண்டு

பதிலாக வந்த திட்டம் ஹோப்ரெஹ்ட்டுடையது. உண்மையிலேயே அழகான எஞ்சினியரிங்.

பெர்லினின் சிக்கல் என்ன? தட்டையான தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய குழாய் என்றால், சரிவு கொடுக்க ஆழமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஹோப்ரெஹ்ட் நகரத்தை 12 தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியிலும் குழாய்கள் சின்னச் சரிவில் அந்தப் பகுதியின் தாழ்வான இடத்துக்கு வரும். அங்கே ஒரு பம்பிங் ஸ்டேஷன். நீராவி எஞ்சின் அந்தக் கழிவை இரும்புக் குழாய் வழியாக நகரத்துக்கு வெளியே தள்ளும். மையத்திலிருந்து வெளியே ஆரங்கள் மாதிரி போவதால் இதற்கு 'ஆர முறை' என்று பெயர். ஒரு பகுதி பழுதானால் மற்றவை ஓடும். பணம் இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கட்டலாம்.

வெளியே எங்கே தள்ளுவது? ஆற்றில் இல்லை, வயலில்! நகராட்சியே ஊருக்கு வெளியே பண்ணைகளை விலைக்கு வாங்கி, கழிவுநீரை அங்கே பாய்ச்சி, புல்லும் காய்கறியும் விளைவிப்பது. கீழ் ஊர்க்காரர்களின் ஆற்றுக் கவலைக்கும் லீபிக் கோஷ்டியின் உரக் கவலைக்கும் ஒரே பதில். வண்டி வேண்டும் என்றவர்களின் வாதத்தில் இருந்த நியாயத்தை எடுத்துக் குழாய்த் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

குழுவின் பொது அறிக்கை 1872-ல் வந்தது. 1873-ல் மன்றம் ஒப்புதல் கொடுத்தது. (அப்போதைய பெர்லின் மேயர் யார் தெரியுமா? ஹோப்ரெஹ்ட்டின் அண்ணன் ஆர்தர் ஹோப்ரெஹ்ட்!) அந்த வருடமே வேலை தொடங்கியது. ஓஸ்டோர்ஃப் என்ற இடத்தில் 1874-ல் முதல் பண்ணை வாங்கினார்கள். 1876-ல் அங்கே கழிவுநீர் பாயத் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் இணைப்பு எடுத்தே ஆக வேண்டும் என்று ஆணை வந்தது. பன்னிரண்டாவது பகுதி முடிந்தது 1909-ல். அதைப் பார்க்க விர்ச்சோவும் இல்லை, ஹோப்ரெஹ்ட்டும் இல்லை. ஆற்றில் கொட்டக்கூடாது என்று எடுத்த முடிவால், ஒரு கட்டத்தில் பெர்லின் நகரத்தைவிட அதன் கழிவுநீர்ப் பண்ணைகளின் பரப்பு பெரிதாகிவிட்டது.

பலன்? டைஃபாய்டு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பெரிய சோதனை 1892-ல் வந்தது. முந்நூறு கிலோமீட்டர் கூட இல்லாத ஹாம்பர்க்கில் காலரா புகுந்து, சில வாரங்களில் சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஹாம்பர்க் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. மணல் வடிகட்டி போடும் செலவைப் பல வருடம் தள்ளிப்போட்டதற்கு விலை அது. பெர்லினில் அப்படி ஒரு கொள்ளைநோய் வரவில்லை. சாக்கடை மட்டும் காரணம் இல்லை, தண்ணீரை வடிகட்டியதும் காரணம். ஆனால் இரண்டுமே நகராட்சி பணம் போட்டுச் செய்தவை. குடிநீர்க் கம்பெனியை 1873-ல் நகராட்சியே விலைக்கு வாங்கியிருந்தது.

சாக்கடைக்கு அப்பால்

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்லினில் நகராட்சிக்கென்று பொது மருத்துவமனையே இல்லாதிருந்தது. அவருடைய முயற்சியும் சேர்ந்து 1874-ல் ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் மருத்துவமனை திறந்தது. காற்றோட்டமான தனித்தனிக் கட்டடங்கள். பிறகு வேறு மருத்துவமனைகளும் வந்தன. பன்றி இறைச்சியில் இருக்கும் டிரிக்கினா புழுவை ஆராய்ந்தவர் அவர். விற்கும் இறைச்சியை எல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் விற்க வேண்டும் என்று கசாப்புக்காரர்களின் எதிர்ப்பை மீறிப் போராடினார். 1881-ல் நகராட்சியின் மத்திய இறைச்சிக்கூடம் திறந்தது. ஜெர்மனி முழுக்க சுமார் 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் தலைமுடி, கண், தோல் நிறத்தைக் கணக்கெடுத்து, 'தூய ஜெர்மானிய இனம்' என்ற பேச்சு செல்லாது என்று 1886-ல் எண்களோடு காட்டினார். எல்லாவற்றிலும் அதே பழக்கம்தான். முதலில் எண்ணு, பிறகு பேசு.

அவர் தவறிய இடங்கள்

ஒருவரைப் பற்றி எழுதும்போது கோயில் கட்டிவிடக் கூடாது. விர்ச்சோ பெரிய தவறுகள் செய்தவர். பிரசவ வார்டில் டாக்டர்கள் கை கழுவ வேண்டும் என்ற செம்மல்வைஸின் கருத்தை ஆரம்பத்தில் ஏற்கவில்லை. நியாண்டர்தால் எலும்பை 1872-ல் பார்த்துவிட்டு, இது பழைய மனித இனம் இல்லை, நோய் வந்த ஒரு மனிதனின் எலும்பு என்றார். அவர் பேச்சுக்கு இருந்த மரியாதையால் அந்தத் தவறு பல வருடம் நின்றது.

எல்லாவற்றையும்விட, கிருமிகள். அதே பெர்லினில் ராபர்ட் கோக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் காட்டினார். 1884-ல் கல்கத்தாவில் இருந்துகொண்டு காலராக் கிருமியை உறுதி செய்தார். விர்ச்சோ இதைச் சந்தேகத்தோடே பார்த்தார். கிருமி இருக்கலாம், ஆனால் அதுவே நோய்க்கு முழுக் காரணம் ஆகாது, பசியும் நெரிசலும் அழுக்கும்தான் அடிப்படை என்ற பிடிவாதம்.

இங்கே எனக்கு ஒரு குழப்பம் வந்தது. காலரா எப்படிப் பரவுகிறது என்று சரியாகத் தெரியாமலே காலராவைத் தடுக்கும் சாக்கடையை எப்படிக் கட்டினார்?

யோசித்துப் பார்த்தால், அவர் பிடித்துக்கொண்டது காரணத்தை அல்ல, கணக்கை. எந்தத் தெருவில் அதிகம் சாகிறார்கள்? அங்கே தண்ணீர் எப்படி, கழிவு எங்கே போகிறது, ஒரு அறையில் எத்தனை பேர்? இதற்கெல்லாம் கிருமியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. சைலீசியாவிலும் அப்படித்தான். டைஃபஸைப் பரப்புவது உடல் பேன் என்று தெரிந்ததே 1909-ல்தான். ஆனால் குளிருக்கு ஒரே துணியைப் போட்டுக்கொண்டு ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் வறுமைதான் பேனுக்கு வீடு. விர்ச்சோவுக்குப் பேனைத் தெரியாது, அறையைத் தெரியும். ஆனால் அந்த 'அறை'ப் பார்வையே பிறகு கோக் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவிடாமலும் செய்தது. ஒரே குணம், இரண்டு பலன்.

அந்தச் சாக்கடையும் குறையில்லாதது அல்ல. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போவதால் பெருமழையில் இன்றும் பழைய பெர்லின் பகுதிகளில் கழிவு ஆற்றில் வழிகிறது. பண்ணைகளில் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்து மண்ணில் கன உலோகங்கள் படிந்தன. 1980-களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள்.

டிராம் வண்டியும் முடிவும்

1902 ஜனவரி 4. எண்பது வயது விர்ச்சோ, பெர்லின் லைப்ஸிகர் தெருவில் ஓடிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் டிராமிலிருந்து குதித்து இறங்கப்போய் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். (நம் ஊர் பஸ்ஸில் தினமும் பார்க்கும் காட்சி!) அதிலிருந்து தேறவே இல்லை. செப்டம்பர் 5-ல் இறந்தார். அதுவரை அவர் கவுன்சிலர்தான். 1906-ல் திறந்த பெரிய நகராட்சி மருத்துவமனைக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஹோப்ரெஹ்ட்டின் ஐந்தாவது பம்பிங் ஸ்டேஷன் கட்டடம் இன்னும் ஸ்ப்ரீ ஆற்றங்கரையில் நிற்கிறது. 2006 முதல் அங்கே நாட்டியமும் இசையும் நடக்கிறது. அரங்கத்தின் பெயரே 'ராடியால்சிஸ்டம் ஐந்து'தான்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விஞ்ஞானிக்கு கவுன்சிலர் வேலை எதற்கு? 1848-ல் அவர் எழுதியது அவருடைய மிகச் சிறந்த அறிக்கை. அதனால் சைலீசியாவில் ஒரு குடிசை கூட மாறவில்லை. 1872-ல் எழுதியது கிணற்று ஆழமும் சாவுக் கணக்கும் குழாய்ச் செலவும் நிறைந்த அலுப்பான அறிக்கை. அதில் புரட்சி எதுவும் இல்லை. ஆனால் அதன் மேல் ஓட்டெடுப்பு நடந்தது, எழுதியவரும் கை தூக்கினார், மறு வருடம் தெருவைத் தோண்டினார்கள்.

நம் வகுப்பில் அரசியல் என்று பேச்செடுத்தாலே முகம் சுளிப்போம், நானும் சேர்த்துத்தான். வார்டு கவுன்சிலர் பெயர் என்ன என்று கேட்டால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதும்வரை தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்குத் தெரியுமா?